அண்ணாந்து பார்த்த ஞாயிறு: வாசகர் கேள்வி-பதில்

மாகறல் வாசகர் ஒருவர் போன மாதம் ஓர் இன்லாண்டு கடிதம் போட்டிருந்தார். மூன்று பக்கமும் எழுதி நிரப்பி, இடம் போதாமல் பசை ஒட்டும் மடிப்பிலும் ஒரு வரி. "காஞ்சிபுரத்தில் உள்ள அத்தனை கோயிலையும் பற்றி எழுதுகிறீர். ஜைனர் கோயில் மட்டும் உம் கண்ணில் படவில்லையா?" என்பது கடிதத்தின் சாரம். படவில்லை என்பதுதான் உண்மை. அந்த ரோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பருத்திக்குன்றம் போய் வந்தேன். போனதை இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. எனவே இந்த வாரம் முழுக்க அந்தக் கோயில்தான். மருமகளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்ட உத்திரமேரூர் மாமியார் அடுத்த வாரம் வரை மருமகளோடு அனுசரித்துப் போகவும்.

அதே இன்லாண்டு வாசகர், மாகறல்

கே: எங்கள் ஊர் மாகறலீசரைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். அதே சம்பந்தர் சமணர்களோடு வாதுக்குப் போனவர். நான் ஜைனர் கோயிலுக்குப் போனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ப: சம்பந்தர் 'அப்பரே' என்று வாய் நிறையக் கூப்பிட்டது யாரை? தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவரைத்தானே! அவரையே கட்டிக்கொண்டவர், அரை நாள் தூண் பார்க்கப் போகும் உங்களையா கோபிப்பார்? உங்கள் ஊர்த் தலபுராணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோழன் பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு போனான், புற்றில் சிவன் கிடைத்தார். ஒன்றைத் தேடிப் போய் வேறொன்றைக் கண்டுகொள்வது மாகறல் மண்ணுக்குப் புதிதில்லை.

தறிக்காரர், பிள்ளையார்பாளையம்

கே: பட்டுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் பருத்திக்குன்றமா? இது தொழில் போட்டியா?

ப: போட்டி என்றால் பருத்தி எப்போதோ பத்திரம் பதிந்துவிட்டது. பள்ளன்கோவில் செப்பேடு என்று ஒன்று உண்டு. பல்லவன் சிம்மவர்மன் 6ஆம் நூற்றாண்டில் கொடுத்த கொடையைச் சொல்வது. பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு 'அமண்சேர்க்கை' என்ற ஊரை விட்டுக்கொடுத்ததாக அதில் இருக்கிறது. ஊர்ப் பெயரே அமணர்களைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது பாருங்கள். ஆனால் இன்று வேகவதிக் கரையில் இறங்கிப் பார்த்தால் பருத்தியும் கண்ணில் படவில்லை, குன்றும் கண்ணில் படவில்லை. வேகவதியில் வேகத்தையும் காணோம். பெயர்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

கல்லூரி மாணவி, சின்ன காஞ்சிபுரம்

கே: ஆட்டோக்காரரிடம் என்ன சொல்லி ஏறுவது?

ப: ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லுங்கள். நான் மேதாவித்தனமாக "ரொம்பப் பழைய கோயில்" என்றேன். கைலாசநாதர் கோயில் வாசலில் இறக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தில் அப்படிச் சொன்னால் எந்த வாசலில் இறக்கினாலும் சரியாகத்தான் இருக்கும். அங்கிருந்து இன்னொரு ஆட்டோ.

கட்டட மேஸ்திரி, ஓரிக்கை

கே: அங்கே இரண்டு கோயில் என்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும்?

ப: சின்னதை. அதுதான் மூத்தது. எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரபிரபருக்குப் பல்லவர் காலத்தில் மணற்கல்லில் எழுப்பிய கோயில். உங்கள் தொழில்கண்ணுக்கு உடனே ஒன்று உறுத்தும். கீழ்த்தளம் அடைப்பாக நிற்கிறது, சாமி மாடியில் இருக்கிறார். படி ஏறித்தான் கும்பிட வேண்டும். கைலாசநாதர் கோயிலில் பார்த்த அதே யாளித் தூண்கள் இங்கேயும் சுவரை முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. மணற்கல்லின் குணம் உங்களுக்குத் தெரியாததா? செதுக்கும்போது வெண்ணெய் மாதிரி இழையும், அப்புறம் மழையும் காற்றும் அதே மாதிரி இழைத்துத் தின்னும். அவசரமாகச் சுற்றி வந்தால் வெறும் மொழுக்கைக் கல்தான். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும் நேரத்தில் போய் நின்றால் இழந்த உருவத்தில் பாதி திரும்பி வருகிறது.

பெரியது திரைலோக்கியநாதர் கோயில். மூலவர் வர்த்தமானர், அதாவது மகாவீரர். கூடவே புஷ்பதந்தர், பத்மபிரபர், வாசுபூஜ்யர், பார்சுவநாதர், தருமதேவி என்று ஒரு வளாகமே குடியிருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அதே மேஸ்திரி

கே: வர்த்தமானர் சந்நிதியின் பின்சுவர் வளைந்து கிடக்கிறதே! கொத்தனார் மூலைமட்டத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாரா?

ப: போய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, மகிழ்ச்சி. அதன் பெயர் தூங்கானை மாடம். வடமொழியில் கஜபிருஷ்டம். படுத்துக் கிடக்கும் யானையைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. சந்தேகமிருந்தால் மாமல்லபுரம் போங்கள். சகாதேவ ரதம் இதே வடிவம். பக்கத்திலேயே ஒரே கல்லில் ஒரு யானையைச் செதுக்கி, பின்புறத்தை நமக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று சிற்பி எழுதிய கல் உரை அது என்பது என் கட்சி. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலும் இந்த வளைவுதான். சிவனுக்கும் வளைந்திருக்கிறது, மகாவீரருக்கும் வளைந்திருக்கிறது. தொண்டைநாட்டு யானை சமயம் பார்த்துப் படுக்கவில்லை.

கோர்வைப் புடவை நெய்பவர், பிள்ளையார்பாளையம்

கே: ஆயிரம் வருஷக் கோயில் என்கிறீர்கள். அத்தனை ராஜாவும் கைவைத்திருப்பார்களே. எது யார் வேலை என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்! கோர்வைப் புடவையில் உடலும் பேட்டும் சேரும் இடத்தை என்ன செய்வீர்கள்? விரலால் தடவிப் பார்ப்பீர்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கமும் பேட்டுக்கு ஒவ்வொரு நாடா, மூன்றும் கைகோக்கும் அந்தப் பல்வரிசை உங்கள் விரலுக்கு மட்டும் தெரியும். கோயிலிலும் அதே வித்தைதான். சேரும் இடத்தைத் தேடுங்கள். நடந்துகொண்டே இருக்கும்போது தரை திடீரென்று நான்கு விரல் ஏறும் அல்லது இறங்கும். கல்லின் நிறம் மாறும். ஒல்லியாக வந்த தூண் பெருத்துவிடும். அங்கே ஒரு ராஜா முடிந்து இன்னொரு ராஜா தொடங்குகிறார்.

திருப்பருத்திக்குன்றத்தில் அப்படித் தடவிக்கொண்டே போனால் ஒரு நல்ல பட்டியல் கிடைக்கும். கோயிலுக்குப் பின்னால் பல்லவர் வேர். சுவர்களில் குலோத்துங்கன் காலம் தொடங்கிச் சோழர் கல்வெட்டுகள். சுற்றி நிற்கும் பெரிய மதில் 13ஆம் நூற்றாண்டில் 'அழகிய பல்லவன்' என்று பெயர் சொல்லிக்கொண்ட கோப்பெருஞ்சிங்கன் கணக்கு. முன்னால் நீளும் சங்கீத மண்டபம் விஜயநகர வேலை. அதன் தூண்களைப் பாருங்கள்: ஒரு சதுரம், ஒரு பட்டை, மறுபடி சதுரம், மறுபடி பட்டை. ஒவ்வொரு சதுர முகத்திலும் ஒரு குட்டி உருவம் உட்கார்ந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் கால எழுத்தும் உண்டு. பேட்டு மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள், உடல் ஒன்றே.

நாதஸ்வரக்காரர், வாலாஜாபாத்

கே: சங்கீத மண்டபம் கட்டியவர் வித்வானா?

ப: படைத்தலைவர். இருகப்பர் என்று பெயர். விஜயநகரத்தில் தண்டநாயகர், மந்திரி. தன் குரு புஷ்பசேனர் சொன்னதற்காக 1387-88இல் இந்த மண்டபத்தைக் கட்டினார். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே, 1382இல், மகேந்திரமங்கலம் என்ற ஊரையே கோயிலுக்கு எழுதிவைத்தவர். இடையில் 1385 வாக்கில் ஹம்பியில் குந்துநாதருக்கு ஒரு கோயில். அதை அந்த ஊர்க்காரர்கள் இன்று 'காணிகித்தி கோயில்', அதாவது எண்ணெய்க்காரி கோயில் என்கிறார்கள். கட்டியவர் பெயர் போய் எண்ணெய்க்காரி பெயர் நிலைத்துவிட்டது. திருப்பருத்திக்குன்றத்தில் அந்த ஆபத்து இல்லை. மண்டபத் தூண் ஒன்றில் இருகப்பரே உருவமாக நிற்கிறார். போதாததற்கு, ஒரே சொல்லுக்குள்ள பல பொருள்களைத் தொகுத்து 'நானார்த்த ரத்னமாலா' என்று ஒரு வடமொழி அகராதியும் எழுதியவர். கத்தி, கணக்கு, கட்டடம், அகராதி. நமக்கு இந்தப் பக்கத்தை வாராவாரம் நிரப்புவதற்குள் நாக்குத் தள்ளுகிறது.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், உத்திரமேரூர்

கே: அந்தக் காலத்தில் சமயச் சண்டையே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் என்கிறாரே என் சம்பந்தி?

ப: சம்பந்தியோடு சண்டை வேண்டாம், ஆனால் 1368ஆம் வருஷத்துச் சிரவணபெளகொளக் கல்வெட்டு ஒன்றை மெல்ல அவர் காதில் போடுங்கள். ஜைனர்களுக்கும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கும் தகராறு முற்றி, வழக்கு விஜயநகர மன்னர் புக்கராயர் முன் போனது. வைஷ்ணவர் தரப்பில் வந்து நின்றவர்களில் ஸ்ரீரங்கத்தார், திருமலையார் மட்டுமல்ல, நம் காஞ்சிப் பெருமாள் கோயிலாரும் உண்டு. ராயர் ஜைனர்களின் கையைப் பிடித்து வைஷ்ணவர்களின் கையில் கொடுத்து, இரண்டு தரிசனத்துக்கும் வேற்றுமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது தீர்ப்பின் வால். ஜைனர் வீடு ஒன்றுக்கு வருஷத்துக்கு ஒரு பணம் வசூல். அதில் பெளகொளத்துச் சாமிக்கு 20 காவலர்களை நியமிக்க வேண்டும், மிச்சப் பணத்தில் பழுதான ஜைனக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதை நடத்தும் பொறுப்பு யாருக்கு? திருமலை வைஷ்ணவர்களுக்கு! சண்டை போட்டவன் கையிலேயே சுண்ணாம்பு வாளியைக் கொடுத்த நீதிபதியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பின் இருபது வருஷத்துக்குள்தான் இருகப்பர் இங்கே மண்டபம் கட்டுகிறார். ஆக உங்கள் சம்பந்தி சொல்வதும் சரியில்லை, எந்நேரமும் வெட்டிக்கொண்டார்கள் என்பவர் சொல்வதும் சரியில்லை.

குடும்பத் தலைவி, அய்யம்பேட்டை

கே: ஜைனர் கோயிலில் கிருஷ்ணர் படம் எப்படி வந்தது?

ப: சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். சமணர் கணக்கில் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரும் கிருஷ்ணரும் பங்காளிகள்.

ஓவிய ஆசிரியர், செய்யாறு

கே: கூரை ஓவியங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

ப: ஒரு வார்த்தை போதாது, ஒரு கழுத்தும் போதாது. ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகள் பட்டை பட்டையாக, ரயில் பெட்டி கோத்த மாதிரி கூரை முழுக்க ஓடுகின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். இருகப்பர் காலத்து ஓவியங்களில் மிஞ்சியவை துணுக்குகள்தான். கண்ணில் படுவன பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுக் கைகள். 1934இல் டி. என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்துக்காக இந்தக் கோயிலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். காட்சி காட்சியாகப் படித்துச் சொன்ன அவர் கழுத்துக்கு என் வணக்கம்.

நான் கொஞ்சம் தந்திரமாக ஒரு சவரக் கண்ணாடியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்தால் கூரை மடிக்கு வந்துவிடுகிறது. செங்காவிக் கோடு, மஞ்சள் உடம்பு, வரிசையாகப் பக்கம் பார்க்கும் முகங்கள், கூர்மூக்கு, புடவையில் பூப்பூவாக வேலைப்பாடு. அந்தக் கட்டத்தையும் கொடியையும் பார்த்தால் ஒரு டிசைன்காரர் அங்கேயே கிராஃப் தாளை விரித்துவிடுவார். சரி, விளக்கத்தைப் படிக்கலாம் என்று பார்த்தால் தமிழெழுத்து அத்தனையும் இடவலம் மாறி, எந்த நாட்டு மொழியோ என்று முழித்தேன். படத்துக்குக் கண்ணாடி, எழுத்துக்குக் கழுத்து என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "தாத்தா, சாமி மேலே இருக்கு, கீழே இல்லை" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனான்.

ஒரே ஒரு கதையை மட்டும் தேடிப் பிடித்துப் பாருங்கள். அக்னிலா என்ற பிராமணப் பெண். வீட்டில் திவசம். சமைத்து இறக்கிவைத்திருக்கிறாள், வாசலில் ஒரு சமண முனிவர். பிராமணர்கள் சாப்பிடுவதற்கு முன்பே அவருக்கு அன்னமிட்டுவிட்டாள். புருஷன் சோமசர்மன் அவளை வீட்டை விட்டே துரத்திவிட்டான். இரண்டு பிள்ளைகளோடு மலைக்குப் போனாள், பிள்ளைகள் பசியில் அழ, மாமரம் அகாலத்தில் பழுத்துக் கொடுத்தது. வீட்டிலோ எடுத்த சோறு எடுத்தபடியே பாத்திரத்தில் நிரம்பி நிற்கிறது. பயந்துபோன புருஷன் கூப்பிட ஓடி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் மலையிலிருந்து விழுந்துவிட்டாள். அவள்தான் தருமதேவி ஆனாள். அவன் என்ன ஆனான்? அவள் ஏறிக்கொள்ளும் சிங்கம். மாமியார்-மருமகள் கேள்வி அனுப்பிய உத்திரமேரூர் அம்மாளும் தம் பிள்ளையை ஒருமுறை கூட்டிப்போய் இதைக் காட்டலாம்.

கல்யாணச் சேலை வாங்க வந்தவர், சேலம்

கே: பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஜைனர் கோயிலுக்குப் போகலாமா?

ப: வாசலில் யாரும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு புடவைக்கான பட்டு எடுக்க ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழுவோடு வெந்நீரில் போடுகிறோம் என்பது தெரிந்ததுதான். கொல்லாமையை முதல் விரதமாக வைத்த சாமி முன் அந்தப் புடவையோடு நிற்க உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம். ஊர்ப் பெயரே வழி சொல்கிறதே, பருத்தி கட்டிக்கொண்டு போங்கள். கல்யாணத்துக்குப் பட்டை வாங்குங்கள், இல்லையென்றால் பிள்ளையார்பாளையம் என்னைச் சும்மா விடாது.

தகப்பனார், ஸ்ரீபெரும்புதூர்

கே: சிலைகளுக்கு ஆடை இல்லை. பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

ப: திசைகளையே ஆடையாக உடுத்தியவர் என்று பொருள்படத்தான் 'திகம்பரர்' என்று பெயர். ஆசையை விட்டவர் கடைசியில் துணியையும் விட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். என் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "அப்போ துவைக்கிற வேலையும் மிச்சம்" என்றாள். பிள்ளைகளுக்குச் சங்கடமில்லை, நமக்குத்தான்.

வங்கி ஊழியர், செங்கல்பட்டு

கே: எல்லாத் தீர்த்தங்கரரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். யார் யார் என்று எப்படித் தெரியும்?

ப: நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள், கணக்கு எண்ணைப் பார்க்க வேண்டும். அது பீடத்தில் இருக்கும். எருது என்றால் ரிஷபர், பிறை என்றால் சந்திரபிரபர், சங்கு என்றால் நேமிநாதர், சிங்கம் என்றால் மகாவீரர். தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்தால் பார்சுவநாதர், அவருக்கு அடையாள அட்டையே தேவையில்லை. உச்சியில் மூன்று அடுக்குக் குடை இருந்தால் புத்தரோ என்ற சந்தேகமும் வேண்டாம்.

மளிகைக் கடைக்காரர், காஞ்சிபுரம்

கே: ஜைனர் என்றால் சேட்டுகள்தானே? நம்ம ஊரில் இவ்வளவு பழைய கோயிலை எப்போது வந்து கட்டினார்கள்?

ப: அண்ணாச்சி, இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வாரப் பக்கத்தை எழுதலாம். சவுகார்பேட்டைக்கு வடக்கேயிருந்து ரயிலேறி வந்தவர்கள் வேறு. இந்தக் கோயில் தமிழ்ச் சமணருடையது. நயினார் என்று பட்டம் போட்டுக்கொண்டு வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கம் நிலம் உழுது வாழ்கிறவர்கள். வீட்டில் தமிழ், வயலில் நெல், நெற்றியில் சந்தனம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள் என்ற ஒன்றை விட்டால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 640 வாக்கில் காஞ்சி வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே நிர்க்கந்தர்கள், அதாவது சமணர்கள், நிறையப் பேர் என்று எழுதிவைத்திருக்கிறார். சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி போல இது ஜின காஞ்சி. அந்தப் பெயர் தாங்கிய ஜின காஞ்சி மடம் இப்போது திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. முகவரி மாறினாலும் பெயர்ப்பலகையை மாற்றவில்லை.

கவிஞர் (தாமே சொல்லிக்கொண்டது), வெம்பாக்கம்

கே: அங்கே ஒரு மரம் வளரவே வளராதாமே?

ப: குரா மரம். அடியில் மேடை கட்டியிருக்கிறார்கள். கூடாமல் குறையாமல் தன் அளவிலேயே நிற்கும், அரசனின் செங்கோலுக்கு அதுவே சாட்சி என்று ஒரு பாட்டுக் கல்வெட்டே உண்டு. என் உயரமும் பதினெட்டு வயதிலிருந்து அப்படியேதான் நிற்கிறது, ஒருவரும் கல்வெட்டுப் போடவில்லை.

மறுபடியும் இன்லாண்டு வாசகர், மாகறல்

கே: (மடிப்பில் எழுதியது) அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், உத்திரமேரூர் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். முடிந்ததும் எங்கள் வீட்டில்...

ப: மிச்சம் பசையோடு கிழிந்துவிட்டது ஐயா. சாப்பாடு என்றுதான் படித்துக்கொண்டேன். நீங்கள் பெரிய கண்ணாடியாக ஒன்று கொண்டு வாருங்கள், என்னுடையதில் அரை மகாவீரர்தான் தெரிகிறார். சாப்பாட்டை மட்டும் பொழுது சாய்வதற்குள் வைத்துக்கொள்வோம், அன்றைக்காவது.